ஹைடெல்பெர்க் கோட்டை இடிஞ்சதுக்கு லிசெலோட்டேயோட சொத்து ஆசைதான் காரணமா?

நீங்க கேட்டிருக்கற விதத்தைப் பார்த்தா ஜெர்மனிக்கு டூர்ல போயிருக்கீங்க, கைடு "பிரான்ஸ் டியூக்கைக் கட்டிக்கிட்ட இந்த ஊர் இளவரசி அப்பா சொத்துல பங்கு கேட்டா, சண்டை வந்துச்சு, கோட்டை போச்சு"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு அடுத்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாரு. எனக்கும் இப்படித்தான் சொன்னாங்க. பையன் மான்ஹெய்ம்ல வேலை பார்க்கறான், போன வருஷம் ரெண்டு மாசம் அவன்கூட இருந்தப்ப போனேன். அந்த வரியைக் கேட்டதும் எனக்குக் காலு அங்கயே நின்னுடுச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன், முதல்ல உங்க கேள்விக்கு பதில்.

இல்லங்க. அவங்க கேட்கவே இல்ல. அவங்க பேரை வெச்சு அவங்க மச்சாண்டார் கேட்டாரு.

எலிசபெத் ஷார்லோட்டேங்கறது முழுப் பேரு, லிசெலோட்டேன்னு கூப்பிடுவாங்க. 1652 மே மாசம் ஹைடெல்பெர்க்ல பிறந்தவங்க. அப்பா கார்ல் லுட்விக் பலாட்டினேட் நாட்டோட எலெக்டர், அதாவது ஜெர்மன் பேரரசரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இருந்த சில அரசர்கள்ல ஒருத்தர். முப்பது வருஷப் போர்ல சுடுகாடா கிடந்த நாட்டைத் திரும்ப எழுப்பினவர், மான்ஹெய்மையும் அவர்தான் மறுபடி கட்டினாரு. அம்மாவுக்கும் அவருக்கும் ஒத்துவரல, அவர் இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டாரு, இந்தப் புள்ளைய 7 வயசுல ஹானோவர்ல இருந்த அத்தை சோஃபி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நாலு வருஷம் அங்கதான் வளர்ந்தாங்க, கடைசி வரைக்கும் அந்த அத்தைதான் அவங்களுக்கு அம்மா மாதிரி.

1671ல 19 வயசுல கல்யாணம். மாப்பிள்ளை பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயியோட தம்பி பிலிப், ஓர்லியான் டியூக். முதல் சம்சாரம் முந்தின வருஷம்தான் செத்திருந்தாங்க, விஷம் வெச்சாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. அவருக்குப் பெண்கள் மேல நாட்டமே கிடையாது, அவர் பிரியமெல்லாம் கூட இருந்த ஆண்கள் மேலதான், அதைக் குத்தமா நான் சொல்லல, ஆனா அப்படிப்பட்டவருக்கு ஒரு பொண்ணைக் கட்டி வெக்கறது அந்தப் பொண்ணுக்கும் கொடுமை அவருக்கும் கொடுமை. மதமும் மாறணும், ப்ராட்டஸ்டன்டா இருந்தவங்களைக் கத்தோலிக்கா மாத்தி, மெட்ஸ்ங்கற ஊர்ல மாப்பிள்ளை வராமலே அவருக்குப் பதிலா இன்னொருத்தர் நின்னு கல்யாணத்தை முடிச்சாங்க. ஸ்ட்ராஸ்பர்க்ல அப்பாகிட்ட விடை வாங்கினதுல இருந்து ஷாலோன் போய்ச் சேர்ற வரைக்கும் அழுதுகிட்டே போனதா அவங்களே பின்னாடி எழுதியிருக்காங்க. அப்பா கணக்கு என்னன்னா, பொண்ணை அங்க கொடுத்துட்டா பிரான்ஸ் நம்ம நாட்டுல கை வெக்காது. மூணே வருஷத்துல, 1674ல, பிரான்ஸ் படை வந்து பலாட்டினேட் கிராமங்களை எரிச்சுது.

இப்ப சொத்து விஷயம். கல்யாண ஒப்பந்தத்துலயே நாடு, ஆட்சி உரிமை எதுவும் எனக்கு வேண்டாம்னு விட்டுக்கொடுத்தாச்சு. 1680ல அப்பா போயிட்டாரு. 1685ல அண்ணன் கார்ல் வாரிசு இல்லாம போயிட்டாரு. ஆட்சி நொய்பர்க் கிளையில இருந்த கத்தோலிக்கச் சொந்தக்காரங்களுக்குப் போச்சு. அப்பத்தான் லூயி, "என் தம்பி சம்சாரத்துக்குச் சேர வேண்டியது இருக்கு"ன்னு கிளம்பினாரு. 1688 செப்டம்பர்ல படை ரைன் நதிப் பக்கம் வந்துடுச்சு. உண்மையான காரணம் வேற. பேரரசர் துருக்கிக்காரங்களை ஜெயிச்சுக்கிட்டே வந்தாரு, அவர் கை ஓங்கறதுக்குள்ள ரைன் எல்லையைக் கெட்டியாக்கிக்கணும்னு லூயிக்கு அவசரம், கொலோன் ஆர்ச்பிஷப் பதவிக்கு அவர் நிறுத்தின ஆளு வராம போனதுல கோபம். ஆனா அந்தச் சண்டைக்கு ஜெர்மன்ல இன்னிக்கும் பேரு பலாட்டினேட் வாரிசுரிமைப் போர். பேர்லயே பழி இருக்கு பாருங்க.

1689ல ஹைடெல்பெர்க், மான்ஹெய்ம், ஸ்பையர், வோர்ம்ஸ் எல்லாம் கொளுத்தினாங்க. எதிரி வந்து தங்கறதுக்கு ஒரு கூரை கூட இருக்கக் கூடாதுன்னு திட்டம் போட்டு செஞ்சது, மந்திரி லூவ்வா இதுக்கு முக்கியமான ஆளு. களத்துல இருந்த மெலாக்ங்கற தளபதி பேரை அந்தப் பக்கத்து ஜனங்க ரொம்ப காலம் நாய்க்கு வெச்சாங்களாம், அவ்வளவு வயித்தெரிச்சல். 1693ல திரும்ப வந்து மிச்சத்தையும் வெடி வெச்சாங்க. நீங்க பார்த்திருப்பீங்களே, பாதியா பிளந்து ஒரு துண்டு அப்படியே அகழியில சாஞ்சு கிடக்கற கோபுரம், அந்த வெடிமருந்துக் கோபுரம் அப்ப விழுந்ததுதான்.

இது நடக்கறப்ப லிசெலோட்டே அந்த ராஜாவோட அரண்மனையில, அவர் பந்தியில உட்கார்ந்து சாப்பிடணும். ராஜாவோட மகன் படையோட கிளம்பறப்ப அவர்கிட்டயே சொல்லியிருக்காங்க, என் பேரை வெச்சு என் ஊரை அழிக்கறதைப் பார்த்தா எனக்கு வேதனைதான், சந்தோஷம் இல்லன்னு. 1689 மார்ச்ல அத்தைக்கு எழுதின லெட்டர்ல, ராத்திரி கண்ணு அசந்தா போதும் ஹைடெல்பெர்க்லயோ மான்ஹெய்ம்லயோ நிக்கற மாதிரி இருக்கு, எரிஞ்சு கிடக்கறது எல்லாம் தெரியுது, திடுக்குனு முழிச்சா அப்புறம் ரெண்டு மணி நேரம் தூக்கம் வர்றதில்லன்னு இருக்கு. என் ஊர் அழிய நானே காரணமாயிட்டேனேன்னும் அதுலயே புலம்பியிருக்காங்க.

இந்த இடத்துலதான் என் கதை. யாரையும் குறை சொல்ல எழுதல, ஆனா எழுதாமலும் இருக்க முடியல.

எனக்குக் கல்யாணம் ஆகி பதினஞ்சு வருஷம் கழிச்சு அப்பா தவறினாரு. மூணு ஏக்கர் நஞ்சை, ஒரு கிணறு, வீடு. அண்ணன்தான் வெச்சு விவசாயம் பார்த்தான், அம்மா அவன்கூட. வருஷா வருஷம் பொங்கப்படி வந்துடும், அரிசி, கரும்பு, மஞ்சக்குலை, பானை, சேலைக்குப் பணம். ஒரு நாள் எங்க மச்சாண்டார் நாலஞ்சு பேப்பர் கொண்டுவந்து வெச்சு "கையெழுத்துப் போடும்மா, வீட்டுக் கடன் விஷயம்"னாரு. எங்க வீட்டுக்காரரும் பக்கத்துல நின்னாரு. நான் அடுப்புல சாம்பார் கொதிக்குதேன்னு படிச்சுப் பார்க்காம போட்டேன். அது வக்காலத்து. ரெண்டு மாசத்துல அண்ணனுக்கு வக்கீல் நோட்டீஸ், அப்புறம் பாகப்பிரிவினை வழக்கு, வாதின்னு என் பேரு. எனக்கு அது தெரிஞ்சதே அந்த வருஷம் பொங்கப்படி வராம போனப்பதான், போன் பண்ணினா அம்மா எடுத்து "கோர்ட்டுலயே வாங்கிக்கோ தாயி"ன்னு வெச்சுட்டாங்க.

உடனே "பொண்ணுக்கு சொத்துல பங்கு வேண்டாம்னு சொல்றியா, பிற்போக்கு"ன்னு கமென்ட்ல வந்துடாதீங்க. தமிழ்நாட்டுல 1989லயே சட்டம் வந்துடுச்சு, நாடு முழுக்க 2005ல, எனக்கு உரிமை இருக்குன்னு எனக்கே தெரியும். வேணும்னா நானே போய் அண்ணன்கிட்ட உட்கார்ந்து பேசியிருப்பேன், அது என் வாயால வந்திருக்கணும். வழக்கை அன்னிக்கே வாபஸ் வாங்கியிருக்கலாமேன்னும் கேட்பீங்க. ரெண்டு புள்ளைங்களை வெச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள இருந்து பாருங்க. வெர்சாய்ல டியூக் சம்சாரத்தாலயே முடியல.

மூணு வருஷம் இழுத்து சமரசம் ஆச்சு, கிணத்தோட சேர்ந்த பக்கம் எனக்குன்னு வந்துச்சு, அதை வித்தாங்க, பணம் மச்சாண்டார் வாங்கின லாரிக்குப் போச்சு. லிசெலோட்டே லெட்டரைப் படிக்கறப்ப ஒரு இடத்துல புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். பலாட்டினேட்ல இருந்து வந்த வெள்ளிச் சாமான் அத்தனையையும் வீட்டுக்காரர் உருக்கி வித்து, கூட இருக்கற பையன்களுக்குக் கொடுத்துட்டாருன்னு எழுதியிருந்தாங்க. அப்பா வீட்டு வெள்ளி. எனக்கு அந்தக் கிணத்து மேட்டுல இருந்த துவைக்கற கல்லு ஞாபகம் வந்துச்சு.

அந்த அம்மா 50,000க்கு மேல லெட்டர் எழுதியிருப்பாங்கன்னு சொல்றாங்க, இப்ப இருக்கறது சுமார் 5,000. போஸ்ட்ல பிரிச்சுப் படிக்கறாங்கன்னு தெரிஞ்சும் எழுதினாங்க. சோஃபி அத்தைக்கு, 1714ல அவங்க சாகற வரைக்கும். அப்பாவோட ரெண்டாவது சம்சாரத்துப் பொண்ணு லூயிசேக்கு, தன் கடைசி நாள் வரைக்கும். காபி, டீ, சாக்லேட் எதுவும் பிடிக்காது, முட்டைகோஸ் ஊறுகாயும் பீர் சூப்பும்தான் கேட்கும் மனசு. சின்ன வயசுல காலையில அஞ்சு மணிக்கு ஹைடெல்பெர்க் மலையில ஏறி ரொட்டித் துண்டோட செர்ரி பறிச்சுத் தின்னதை வயசான காலத்துல எழுதியிருக்காங்க. 1671ல போனவங்க அந்த ஊரைத் திரும்பப் பார்க்கவே இல்ல. இப்படிப்பட்டவங்களைத்தான் "சொத்துக்காக ஊரை எரிச்சவ"ன்னு ஒரு வரியில முடிக்கறாங்க.

இந்த டூர் கம்பெனிக்காரங்களைப் பத்தியும் சொல்லிடறேன். அன்னிக்குக் கோட்டையில நம்ம ஊர் குரூப் ஒண்ணு, பாரிசுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவுல ஒன்றரை மணி நேரம் கொடுத்திருக்காங்க, அதுல பாதி அந்தப் பெரிய ஒயின் பீப்பாய் முன்னாடி. பெரிய பீப்பாய்தான், 2 லட்சம் லிட்டருக்கு மேல பிடிக்குமாம், பார்க்க வேண்டியதுதான். ஆனா வயசானவங்களை அந்த ஏத்தத்துல விரட்டுறாங்க, ஒரு பாட்டிம்மா முட்டியைப் பிடிச்சுக்கிட்டு படியில உட்கார்ந்துட்டாங்க, கைடு கொடியை ஆட்டிக்கிட்டே முன்னாடி போயிட்டாரு, நானும் என் பையனும்தான் தண்ணி கொடுத்துக் கூட்டிட்டு வந்தோம். மூணு லட்சம் வாங்கறீங்கல்ல, ஒரு நிமிஷம் நிக்கக் கூடாதா?

நேரம் இருந்திருந்தா எலிசபெத் வாசலைக் காட்டியிருப்பாங்க. லிசெலோட்டேயோட பாட்டி எலிசபெத் ஸ்டுவர்ட், இங்கிலாந்து ராஜா பொண்ணு, அவங்களுக்காக 1615ல தாத்தா கட்டினது. அந்தப் பாட்டியும் கட்டிக்கொடுத்து வந்தவங்கதான், அவங்க வீட்டுக்காரர் பொஹீமியா (இன்னிக்கு செக் நாட்டுப் பக்கம்) கிரீடத்துக்கு ஆசைப்பட்டு இருந்த நாட்டையும் விட்டாரு. அதுக்கும் அந்தம்மா மேல பழி போட்டவங்க உண்டு.

கடைசியா ஒண்ணு. 1722 அக்டோபர்ல பதினஞ்சாம் லூயிக்கு ரெய்ம்ஸ்ல முடிசூட்டு. உடம்பு முடியாம இருந்தும் லிசெலோட்டே போனாங்க, லொரைன் டியூக்குக்குக் கட்டிக்கொடுத்திருந்த பொண்ணு பிள்ளைகளோட அங்க வர்றான்னு. பார்த்துட்டு வந்தாங்க, டிசம்பர் 8ம் தேதி சான் க்ளூ அரண்மனையில போயிட்டாங்க.

கோட்டையை ஏன் திரும்பக் கட்டலன்னும் கேட்டிருக்கீங்க. பின்னாடி வந்த எலெக்டர் கார்ல் தியோடர் திரும்ப அங்க குடிவர நினைச்சாரு, 1764ல இடி விழுந்து எரிஞ்சு போச்சு, விட்டுட்டாங்க. அப்ப லிசெலோட்டே செத்து 42 வருஷம்.