நகத்தைப் பிய்க்காதீர்கள், ஊறவிடுங்கள்

முகூர்த்த மாதங்கள் முடிந்த கையோடு எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே வகை: கல்யாணத்துக்காகச் சொந்த நகத்தின் மேல் வைத்த அக்ரிலிக் செயற்கை நகத்தை இப்போது எப்படி எடுப்பது? மீதிப் பாதி, எப்படியோ எடுத்துவிட்டு எழுதுபவை. பதினைந்து ஆண்டுகளாக நக அலங்காரத் தொழிலில் இருக்கிறேன். நகம் வைத்ததால் கெட்ட விரல்களைவிட அவசரமாக எடுத்ததால் கெட்ட விரல்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் எழுதுகிறார்: தங்கை கல்யாணத்துக்கு வைத்த நகம், இரண்டு வாரத்தில் ஓரம் தூக்கிக்கொண்டது. அடியில் நூலை விட்டு இழுத்தேன். கூடவே ஏதோ உரிந்து வந்தது. இப்போது வெந்நீர் பட்டாலே சுரீர் என்கிறது.

உரிந்து வந்தது உங்கள் சொந்த நகத்தின் மேலடுக்கு. நகம் அடுக்கடுக்காக அமைந்தது. அக்ரிலிக் மேலடுக்கை இறுகப் பற்றியிருக்கும். பிய்த்தால் அதையும் கொண்டுதான் வரும். போன அடுக்கை எந்தச் சீரமும் திரும்பத் தராது, வளர்ந்துதான் மாற வேண்டும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும்; அடியிலிருந்து நுனிவரை புது நகம் வர ஆறு மாதம் பிடிக்கலாம். அதுவரை நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள், பாத்திரம் துலக்கும்போது கையுறை போடுங்கள், இரவில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மெலிந்த நகத்தின் மேல் மறுபடியும் அக்ரிலிக் வேண்டவே வேண்டாம்.

அடுத்த முறை இப்படி எடுங்கள். நீளத்தை வெட்டிவிட்டு, மேலே உள்ள பளபளப்புப் பூச்சு போகும்வரை அரத்தால் தேயுங்கள். இதைச் செய்யாமல் ஊறவைப்பது தோல் உரிக்காத தேங்காயைத் துருவ முயல்வது போலத்தான். நகத்தைச் சுற்றியுள்ள தோலில் வாஸ்லின் தடவுங்கள். அக்ரிலிக்கைக் கரைக்கும் திரவமான தூய அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து, அலுமினியத் தாளால் விரல் நுனியைச் சுற்றுங்கள். 'அசிட்டோன் இல்லாதது' என்று அச்சிட்ட நகப் பாலிஷ் ரிமூவர் இதற்கு உதவாது. இருபது முதல் முப்பது நிமிடத்தில் அக்ரிலிக் கூழ்போல் குழைந்திருக்கும். மரக்குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். தள்ள மறுத்தால் மறுபடியும் பத்து நிமிடம் சுற்றுங்கள். சுரண்டாதீர்கள், உலோகக் கருவியைத் தொடவே தொடாதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய் தடவுங்கள்.

அசிட்டோனைச் சூடாக்கினால் சீக்கிரம் கரையும் என்கிறார்களே?

சொன்னவரிடம் தீயணைப்பு நிலையத்தின் எண்ணையும் கேட்டுக்கொள்ளுங்கள். அசிட்டோனின் ஆவி பனிக்கட்டிக் குளிரிலும் தீப்பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு ஊர்ந்து, தள்ளியிருக்கும் நெருப்பையும் எட்டும். அடுப்பு மட்டுமல்ல, பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள் எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். தாளைச் சுற்றிய பிறகு கையை ஒரு துண்டில் பொதிந்துகொண்டால் உடல் சூடே போதும். தெர்மாகோல் கிண்ணத்தில் ஊற்றினால் கிண்ணமே கரையும். வார்னிஷ் பூசிய மேசையும் தப்பாது. என் வீட்டு மேசையில் இன்னும் ஒரு வெள்ளை வட்டம் இருக்கிறது.

ஒரு மணி நேரம் ஊறவைத்தும் அசையவில்லை. என்ன செய்வது?

முதலில் அது அக்ரிலிக்தானா என்று வைத்தவரிடம் கேளுங்கள். கெட்டியான ஜெல் வகைகள் சில அசிட்டோனில் கரையாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அக்ரிலிக்தான் என்றால் மீத்தைல் மெத்தாக்ரிலேட் என்ற வேதிப்பொருள் கலந்ததாக இருக்கலாம். மலிவானது, பாறைபோல் இறுகுவது, எளிதில் கரையாதது. நகச் சேதம், தோல் ஒவ்வாமை பற்றிய புகார்கள் வந்ததால் 1970-களிலேயே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., முழுக்க அதனாலான நகப் பொருள்கள்மீது நடவடிக்கை எடுத்தது. முறையாகத் தொழில் செய்பவர்கள் பயன்படுத்துவது எத்தைல் மெத்தாக்ரிலேட். பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியிலிருந்து ஊற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். இப்போதைக்கு நெம்பாதீர்கள். கைதேர்ந்த ஒருவரிடம் மெல்லிய படலம் மிஞ்சும்வரை தேய்க்கச் சொல்லி, மிச்சத்தை வளர்ந்து போக விடுங்கள்.

தூக்கிக்கொண்ட இடத்தில் பச்சை நிறம் தெரிகிறது. வலி இல்லை. மேலே அடர்நிறப் பாலிஷ் போட்டு மறைக்கலாமா?

மறைக்காதீர்கள். பெரும்பாலும் இது சூடோமோனஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. அது சுரக்கும் நிறமிதான் அந்தப் பச்சை. அக்ரிலிக்குக்கும் நகத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தால், பாத்திரம் கழுவும் நீர் அதில் தங்கிவிடும். அந்த ஈரம் போதும் அதற்கு. அக்ரிலிக்கை எடுத்து, நகத்தை உலர்வாக வைத்து, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கிருமி போன பிறகும் கறை வளர்ந்து வெளியேறும்வரை இருக்கலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரீஃபில் செய்வது வெறும் அழகுக்காக அல்ல. வளர்ந்த இடைவெளியை நிரப்பும்போதே தூக்கிய பகுதி இருந்தால் கண்டுபிடித்து எடுத்துவிடலாம். தூக்கிய ஓரத்தைப் பசை வைத்து ஒட்டுவது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும்.

ஒவ்வொரு முறை நகம் வைத்ததும் விரல் ஓரம் அரிக்கிறது, சிறு கொப்புளம் வருகிறது. தரமான பொருளுக்கு மாறினால் சரியாகுமா?

கடையை மாற்றாதீர்கள், நகம் வைப்பதை நிறுத்துங்கள். இறுகாத அக்ரிலிக் திரவம் தோலில் படப்பட, அக்ரிலேட் ஒவ்வாமை உண்டாகலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் துணை. பல் அடைப்பிலும் மூட்டு அறுவைச் சிகிச்சையின் எலும்பு சிமென்டிலும் இதே குடும்பப் பொருள்கள் உண்டு. அதனால் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை (எது ஒவ்வாது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் 'பேட்ச் டெஸ்ட்') செய்துகொள்ளுங்கள். முடிவைப் பல் மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள்.

பிரசவத்துக்குச் சேரும் முன் நகத்தை எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா?

ஆம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்ட வேண்டும், நகத்தின் நிறத்தையும் அவர்கள் பார்க்க வேண்டும். வலி வந்த பிறகு அசிட்டோனைத் தேடாமல் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

சாம்பார் சாதம் பிசைந்து சாப்பிட்டால் நகம் மஞ்சளாகிறது.

ஆகத்தான் செய்யும். மேற்பூச்சைப் புதுப்பித்தால் பெரும்பாலும் போய்விடும். பழைய பூச்சை எடுக்க அசிட்டோன் இல்லாத ரிமூவரைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் நகமே இளகிவிடும். மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும் என்பதும் உண்மை. ஆனால் நகத்துக்காகக் கொடிக்கயிறு கட்ட நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த மணப்பெண் ஒருத்தி, பந்தியில் மட்டும் ஸ்பூன் கேட்டு வாங்கிக்கொண்டாள்.