தேடல் குழுவில் ஒரு முன்னாள் துணைவேந்தர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் முனைவர் பட்ட நெறியாளர் பின்னாளில் துணைவேந்தராகி ஓய்வு பெற்றார். இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் தேடல் குழுவில் இருக்க முடியுமா என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். “எனக்கு எதற்கு அந்த வம்பு? யாரைச் சொன்னாலும் என் ஆளைச் சொன்னேன் என்பார்கள்” என்று மறுக்கிறார். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களின் முன்னாள் தலைவர்கள் இதை ஒரு தொழிலாகவே செய்கிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பது நல்லதுதானா? அவரிடம் நான் என்ன சொல்லட்டும்?

ஒரு கல்லூரி ஆசிரியர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

போகச் சொல்லுங்கள். அழைப்பு வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறது என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். அவர் ஆண்ட பல்கலைக்கழகமே அழைத்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அமெரிக்காவில் ஓய்வுபெற்ற தலைவர்கள், அதாவது நம் துணைவேந்தர் நிலையில் இருந்தவர்கள், ஆள்தேடும் நிறுவனங்களில் ஆலோசகர்களாக இருக்கிறார்கள், காலியான நாற்காலியில் ஓராண்டு இடைக்காலமாக உட்காருகிறார்கள், புதிதாக வந்தவருக்கு முதல் வருடம் பக்கத்துணையாக நிற்கிறார்கள். அதற்குத் தேவையும் கூடிக்கொண்டே வருகிறது. அங்கே ஒரு கல்லூரி அல்லது பல்கலைக்கழகத் தலைவர் பதவியில் இருந்த சராசரிக் காலம் 2006இல் 8.5 ஆண்டுகள். 2022இல் எடுத்த கணக்கில் அது 5.9 ஆகிவிட்டது.

இதில் அடுத்தவரைத் தேடுவது ஒரு வேலை, பொறுப்பைக் கைமாற்றுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் வேறு வேறு ஆட்கள் வேண்டும் என்பது என் எண்ணம். ஹார்வர்டில் 2006இல் நடந்ததைப் பார்த்தபின் அது இன்னும் உறுதிப்பட்டது. ஆசிரியர்களோடு ஏற்பட்ட பிணக்கில் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் பதவி விலகினார். 1971 முதல் 1991 வரை தலைவராக இருந்த டெரெக் பாக்கைத் திரும்ப அழைத்தார்கள். அப்போது அவருக்கு 76 வயது. ஓராண்டுக்கு மட்டும் வந்தார். அந்த ஓராண்டில் சும்மா கோப்பு நகர்த்திக்கொண்டிருக்கவில்லை. முன்கூட்டியே இடம் தரும் மாணவர் சேர்க்கை முறையை நிறுத்தும் முடிவு அப்போதுதான் வந்தது. நெடுநாள் இழுத்துக்கொண்டிருந்த பொதுக்கல்விப் பாடத்திட்டச் சீர்திருத்தத்துக்கு ஆசிரியர்கள் 2007 மே மாதம் வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். புதிதாக வருகிறவர் முதல் வருடத்திலேயே தொட்டால் கையைச் சுடும் காரியங்கள் இவை. மறுபடி போட்டியிட வேண்டிய தேவை இல்லாத மனிதரால் அவற்றை முடித்துவைக்க முடிந்தது.

ஆனால் அடுத்தவரைத் தேடியது பாக் அல்ல. அதற்குத் தனிக் குழு இருந்தது. அந்தக் குழுவிலும் ஒரு முன்னாள் தலைவர் இருந்தார்: வெல்லஸ்லி கல்லூரிக்கும் டியூக் பல்கலைக்கழகத்துக்கும் தலைமை வகித்த நானெர்ல் கியோஹேன். வெளியிலிருந்து வந்தவர், வேலையை அறிந்தவர். 2007 பிப்ரவரியில் ட்ரூ ஃபாஸ்ட் பெயர் அறிவிக்கப்பட்டது. ஹார்வர்டின் முதல் பெண் தலைவர். ஜூலையில்தான் பொறுப்பேற்றார். நடுவில் நான்கரை மாதம், பாக் நாற்காலியில் இருக்கும்போதே ஃபாஸ்ட் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரம் இருந்தது. எனக்கு ஏக்கம் தருவது அந்த நான்கரை மாதம்தான்.

உங்கள் பேராசிரியர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அதே ஹார்வர்டில் ஃபாஸ்டுக்கு அடுத்தவரைத் தேடிய குழுவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் லாரன்ஸ் பேகாவ் இருந்தார். தேடல் நடந்துகொண்டிருக்கும்போதே குழுவிலிருந்து விலகி வேட்பாளரானார், 2018இல் தலைவரும் ஆனார். தகுதியில் குறை சொல்ல முடியாத மனிதர், முறைப்படி விலகியும் இருந்தார். இருந்தாலும் என் மனம் ஒப்பவில்லை. மற்ற வேட்பாளர்களின் பெயர்களை ஒருமுறை பார்த்துவிட்டவர் அந்தச் சுற்றில் வேட்பாளராகக் கூடாது. நம் பக்கத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதி, குழு உறுப்பினர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பில்லாதவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி.

ஆனால் நம் சண்டை எல்லாம் குழுவில் யார் உட்காருவது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த மாதமே ஆளுநர் யுஜிசி பிரதிநிதியோடு நால்வர் குழுவை அறிவித்தார், அரசு அந்தப் பிரதிநிதி இல்லாத மூவர் குழுவை அறிவித்தது. துணைவேந்தர் இல்லாமல் நிர்வாகம் ஓர் ஒருங்கிணைப்புக் குழுவின் கைக்குப் போனது. ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டிய பழைமையோ பெருமையோ இந்த இழுபறியில் உதவவில்லை. போகிறவரும் வருகிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசாத இடத்தில், முன்னாள் துணைவேந்தரின் அனுபவம் யாருக்குப் போய்ச் சேரும்?

நான் துறைத்தலைவராகச் சார்ஜ் எடுத்த நாள் நினைவிருக்கிறது. எனக்கு முன்பிருந்தவர் ஒரு சாவிக்கொத்தையும் இருப்புப் பதிவேட்டையும் தந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எத்தனை பீரோ, எத்தனை நாற்காலி என்று அதில் சரியாக இருந்தது. எந்த ஆய்வு மாணவருக்கு நெறியாளர் மாற்றம் நிலுவையில் கிடக்கிறது, எந்த ஆசிரியரின் பதவி உயர்வு எந்த மேசையில் நிற்கிறது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. ஒரு மாணவரின் ஆய்வேடு எட்டு மாதம் தாமதமான பிறகுதான் அவருடைய கோப்பு என் பீரோவிலேயே இருந்தது எனக்குத் தெரியவந்தது. ஒரு துறைக்கே இப்படி என்றால் நூற்றுக்கு மேல் கல்லூரிகள் இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தை நினைத்துப் பாருங்கள். துணைவேந்தரின் பதவிக்காலமே மூன்று வருடம். அதில் முதல் வருடம் பீரோவைத் திறந்து பார்ப்பதிலேயே போய்விடுகிறது.

அதனால் உங்கள் பேராசிரியரிடம் இரண்டு காரியம் சொல்லுங்கள். குழுவுக்குப் போகட்டும், தன்னிடம் ஆய்வு செய்தவர்களோ தன்னோடு வேலை பார்த்தவர்களோ விண்ணப்பித்திருந்தால் அதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் தெரிவித்துவிட்டு, அவர்களைப் பற்றிய பேச்சில் கலந்துகொள்ளாமல் இருக்கட்டும். நேர்காணலில் தொலைநோக்குத் திட்டம் பற்றி மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஓய்வூதியத்துக்குப் பணம் இல்லாத மாதத்தில் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்கட்டும்.

இரண்டாவது, அவர் தன் சொந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றியது. இப்போது அங்கே இருக்கிற துணைவேந்தருக்கு ஒரு போன் செய்து, ஒரு நாள் முழுக்க வந்து உட்காருகிறேன், நீங்கள் கேளுங்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. அவர் போனால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.