விஎம்முக்கு எத்தனை கோர் கொடுப்பது? டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கேள்விகளில், ஒரே ஹோஸ்ட்டில் (உண்மையான சர்வரில்) ஏழெட்டு விஎம் (வர்ச்சுவல் மெஷின், சர்வருக்குள் ஓடும் மென்பொருள் கணினி) ஓட்டுகிறவர்களின் புலம்பல்தான் அதிகம். பெரும்பாலும் ஒரு சர்வர், ஒரு சின்ன ரேக், பக்கத்தில் ஒரு யுபிஎஸ். அந்த அளவுக்குப் பொருந்தும்படியே பதில்கள்.

மன்னார்குடி, அரிசி ஆலை அலுவலகம்: 8 கோர், 16 திரெட் ஹோஸ்ட்டில் இஎஸ்எக்ஸ்ஐ (விஎம்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருள்) ஓடுகிறது. ஆறு விஎம். சம்பா அறுவடை நேரத்தில் பில்லிங் இழுக்கிறது என்று பில்லிங் விஎம்முக்கு 4 விசிபியுவை 8 ஆக்கினோம். முன்பைவிட மோசம். ஏன்?

கூட்டியதால்தான். விசிபியு என்பது கோர் அல்ல. உண்மையான கோரில் ஓட இடம் கேட்டு வரிசையில் நிற்கும் ஒரு வேலை, அவ்வளவே. மற்ற ஐந்து விஎம்மும் தலா 4 வைத்திருந்தால் 20. பில்லிங்கோடு சேர்த்து 28. இடம் தருவது எட்டே கோர். திரெட் 16 என்று காட்டினாலும், ஒரு கோரின் இரண்டு திரெட்டும் ஒரே கணக்கிடும் பகுதிகளைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஹைப்பர்திரெடிங்கால் மொத்த வேலை 20 முதல் 30% வரை கூடினாலே நல்ல பலன். இரண்டு மடங்கு ஆகாது.

அடுத்தது இஎஸ்எக்ஸ்ஐக்கே உரிய விஷயம். ஒரு விஎம்மின் விசிபியுக்களில் ஒன்று மற்றதைவிட ரொம்ப முன்னே ஓடிவிடாமல் அது பார்த்துக்கொள்ளும். எட்டில் மூன்றுக்கு இடம் கிடைக்கவில்லை என்றால், முன்னே போனவற்றை நிறுத்திவைக்கும். இதற்குப் பெயர் கோ-ஸ்டாப். எட்டாக்கினால் இந்த நிறுத்தம் அதிகம், இரண்டாக இருந்தால் அபூர்வம்.

லாக் விவகாரம் இன்னும் மோசம். விஎம்முக்குள் ஒரு லாக்கை, அதாவது ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் தடுக்கும் பூட்டைப் பிடித்திருக்கும் விசிபியுவை ஹோஸ்ட் அந்த நொடி பார்த்து இறக்கிவிட்டால், அந்த லாக்குக்காக மற்ற விசிபியுக்கள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியு நிறைந்து தெரியும், வேலை நகராது. அதைப் பார்த்துவிட்டு, சிபியு போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு கூட்டுவார்கள். பல அலுவலகங்களில் எட்டு, பன்னிரண்டு என்று ஏறியது இப்படித்தான்.

செய்ய வேண்டியது: ஹோஸ்ட்டில் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து ‘இஎஸ்எக்ஸ்டாப்’ ஓட்டுங்கள். ‘சி’ அழுத்தினால் சிபியு திரை. பெரிய ‘வி’ அழுத்தினால் விஎம்கள் மட்டும். ‘இ’ அழுத்தி, பில்லிங் விஎம்மின் ஜிஐடி எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு விசிபியுவும் தனி வரியாக விரியும். பில்லிங் நெரிசலாக இருக்கும்போது பாருங்கள். ராத்திரி பார்த்துவிட்டு எல்லாம் சரி என்பதில் பிரயோசனம் இல்லை. ஒரு விசிபியுவுக்கு ‘ஆர்டிஒய்’ (சிபியு ரெடி: ஓடத் தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் காத்திருந்த நேரம்) 5%க்குள் இருந்தால் கவலை வேண்டாம். 10% தாண்டினால் பில் போடுகிறவருக்கே தெரியும். ‘சிஎஸ்டிபி’ (கோ-ஸ்டாப் நேரம்) 3% தாண்டினால், அந்த விஎம்முக்கு விசிபியு அதிகம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஸ்னாப்ஷாட் நீக்கும்போதும் இது ஏறும், அந்த நேரத்தைத் தவிருங்கள்.

பிறகு குறையுங்கள், ஆனால் பில்லிங்கிலிருந்து தொடங்க வேண்டாம். பில்லிங் வேகமாக வேண்டுமானால் பக்கத்து விஎம்களைத்தான் முதலில் குறைக்க வேண்டும். டொமைன் கன்ட்ரோலருக்கு 2, ஃபைல் சர்வருக்கு 2, வருகைப்பதிவு விஎம்முக்கு 1 போதும். பில்லிங்கை 4க்குத் திருப்புங்கள். ஒரு வாரம் உச்ச நேரத்தைப் பார்த்து, நான்கில் இரண்டு சும்மாவே கிடந்தால் 2 ஆக்கிப் பாருங்கள். குறைக்க விஎம்மை ஷட்டவுன் செய்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம்: விசென்டர் (விஎம்வேரின் நிர்வாக மென்பொருள்) வரைபடத்தில் சிபியு ரெடி 4800 மில்லிசெகண்ட் என்கிறது. இஎஸ்எக்ஸ்டாப்பில் 24 என்கிறது. எது சரி?

இரண்டும் ஒன்றே. ரியல்-டைம் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் 20 விநாடிக்கான கூட்டுத்தொகை. 20 விநாடி என்றால் 20,000 மில்லிசெகண்ட். 4800ஐ 20,000ஆல் வகுத்தால் 24%. இது முழு விஎம்முக்கும் சேர்த்து. உங்களுடையது 4 விசிபியு விஎம் என்பதால் ஒன்றுக்கு 6%. கவனிக்க வேண்டிய அளவு, பதற வேண்டிய அளவு இல்லை.

ஏமாறுகிற இடம் வேறு. அதே 4800ஐ ‘கடந்த நாள்’ வரைபடத்தில் பார்த்திருந்தால் இடைவெளி 300 விநாடி. அப்போது மொத்தமே 1.6%தான். வார வரைபடத்தில் 1800, மாதத்தில் 7200 விநாடி. எந்த வரைபடம் என்று சொல்லாமல் மில்லிசெகண்ட் எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

இன்னொன்று: விஎம்முக்கு லிமிட் போட்டிருந்தால், அதனால் நின்ற நேரமும் ஆர்டிஒய்யிலேயே சேரும். ‘எம்எல்எம்டிடி’ எண்ணைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதுதான் உண்மையான நெரிசல். கழித்தால் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், எப்போதோ யாரோ போட்டு மறந்த லிமிட்தான் குற்றவாளி.

தஞ்சாவூர், கல்லூரி ஆய்வகம்: ப்ராக்ஸ்மாக்ஸ் (லினக்ஸ் மேல் விஎம் ஓட்டும் மென்பொருள்) ஹோஸ்ட், 16 கோர். மாணவர்களுக்கு 20 லினக்ஸ் விஎம், தலா 4 விசிபியு. மொத்தம் 80. ஒரு கோருக்கு ஐந்து விசிபியு தாங்கும் என்கிறார்களே?

அந்தக் கணக்கு அலுவலகத்துக்கு. அங்கே ஒருவர் டைப் செய்யும்போது இன்னொருவர் டீ குடிப்பார். ஆய்வகத்தில் ஆசிரியர் ‘இப்போது கம்பைல் செய்யுங்கள்’ என்றதும் இருபது பேரும் ஒரே நொடியில் தட்டுவார்கள். அப்போது எந்த விகிதமும் காப்பாற்றாது. தலா 2 கொடுங்கள். 40 விசிபியு, 16 கோர்: ஒன்றுக்கு இரண்டரை. கம்பைல் செய்யும் ‘மேக்’ கட்டளைக்கு ‘ஜே2’வுக்கு (ஒரே நேரத்தில் இரண்டு வேலை) மேல் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸ் விஎம்களை ஓட்டப் பயன்படுத்தும் கேவிஎம்மில் ஒவ்வொரு விசிபியுவும் ஹோஸ்ட் லினக்ஸில் ஒரு சாதாரண திரெட். காத்திருப்பை இரண்டு இடத்தில் பார்க்கலாம். விஎம்முக்குள் ‘டாப்’ ஓட்டினால் சிபியு வரியின் கடைசியில் ‘எஸ்டி’ என்று ஒரு எண் வரும். அதுதான் ஸ்டீல்: விஎம் ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்ட் இடம் தராத நேரம். ஹோஸ்ட்டில் ‘ப்ராக்’ கோப்புறைக்குள் ‘பிரஷர்’ கோப்புறையில் உள்ள ‘சிபியு’ கோப்பைத் திறந்தால், ‘சம்’ வரியில் ‘ஏவிஜி10’ இருக்கும். கடைசி 10 விநாடியில் ஏதாவது ஒரு வேலையாவது சிபியுவுக்காகக் காத்திருந்த நேரத்தின் சதவீதம் அது. லினக்ஸ் 4.20 முதல் இந்த வசதி உண்டு.

இரண்டு கோரை மனக்கணக்கில் ஹோஸ்ட்டுக்கே விட்டுவிடுங்கள். நெட்வொர்க், டிஸ்க் வேலைகள், ஜெட்எஃப்எஸ் (கோப்பு முறை) சுருக்கம், பேக்கப் எல்லாம் அதே கோர்களில்தான் ஓடுகின்றன. ஆய்வக நேரத்தில் பேக்கப் ஓடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாகப்பட்டினம்: விண்டோஸ் 10 ப்ரோ விஎம்முக்கு 4 விசிபியு கொடுத்தோம். டாஸ்க் மேனேஜரில் 2தான் தெரிகிறது. உள்ளே எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது, அதுவும் மந்தம்.

4 விசிபியுவை 4 சாக்கெட் (சிபியு சிப் பொருத்தும் இடம்), சாக்கெட்டுக்கு 1 கோர் என்று கொடுத்திருக்கிறீர்கள். விண்டோஸ் ப்ரோ இரண்டு சாக்கெட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸ் இன்னும் கறார்: ஒரு சாக்கெட் அல்லது நான்கு கோர், இரண்டில் எது குறைவோ அது. ஆக உங்கள் டேட்டாபேஸ் ஒரே கோரில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. மற்ற மூன்றும் கணக்குக்கு மட்டும்.

விஎம்மை நிறுத்தி, 1 சாக்கெட், சாக்கெட்டுக்கு 4 கோர் என்று மாற்றி ஏற்றுங்கள். விஎம்வேரின் பழைய பதிப்புகளில் இயல்பாகவே சாக்கெட்டுக்கு ஒரு கோர் என்றுதான் வரும். அதனால் இந்தப் பிழை நிறைய இடங்களில் உண்டு. ஹோஸ்ட்டில் நெரிசலே இல்லாமல் ஒரு விஎம் மட்டும் மந்தமாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

திருவாரூர்: ஷேர், ரிசர்வேஷன், லிமிட் மூன்றும் இருக்கின்றன. முக்கியமான விஎம்முக்கு எதைப் போடுவது?

டெல்டாக்காரருக்கு இதை முறைப்பாசனத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஷேர் என்பது தண்ணீர் குறைந்தபோது எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை என்ற பங்கு. ஆறு நிறைய ஓடும்போது அந்தப் பேச்சே எழாது. ரிசர்வேஷன் என்பது எவ்வளவு குறைந்தாலும் இவ்வளவு உண்டு என்ற உறுதி. லிமிட் என்பது ஆறு கரைபுரண்டாலும் ஷட்டரை இதற்கு மேல் தூக்க மாட்டோம் என்பது.

அதனால் முதலில் ஷேர். இஎஸ்எக்ஸ்ஐயில் ஒரு விசிபியுவுக்கு லோ 500, நார்மல் 1000, ஹை 2000. இது விசிபியு எண்ணிக்கையால் பெருகும் என்பதை மறக்காதீர்கள். 8 விசிபியு உள்ள வேண்டாத விஎம் நார்மலிலேயே 8000 வைத்திருக்கும். உங்கள் முக்கியமான 2 விசிபியு விஎம் ஹையில் இருந்தாலும் 4000தான். மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியில் ஷேருக்கு இணையான ரிலேட்டிவ் வெயிட் இயல்பாக 100. ப்ராக்ஸ்மாக்ஸின் இப்போதைய பதிப்புகளில் சிபியு யூனிட்டும் 100. முக்கியமானதற்கு 300 கொடுங்கள், போதும். எல்லாவற்றுக்கும் 300 கொடுத்தால் யாருக்கும் கொடுக்காததற்குச் சமம்.

ரிசர்வேஷன் ஒன்றிரண்டு விஎம்முக்கு மட்டும். ஹோஸ்ட்டால் தர முடியாத ரிசர்வேஷனைப் போட்டால் விஎம் ஏறவே ஏறாது.

லிமிட் என் பார்வையில் கடைசி வழி. 4 விசிபியு உள்ள ப்ராக்ஸ்மாக்ஸ் விஎம்முக்குச் சிபியு லிமிட் 2 என்று வைத்தால் என்ன நடக்கிறது? 100 மில்லிசெகண்ட் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் 200 மில்லிசெகண்ட் சிபியு நேரம். நான்கும் ஒன்றாக ஓடினால் 50 மில்லிசெகண்டிலேயே தீர்ந்துவிடும். மீதி 50 மில்லிசெகண்ட் விஎம் முழுதும் உறைந்து நிற்கும். சராசரி அழகாகத் தெரியும், ஆனால் தொலைபேசி அழைப்பு ஓடும் விஎம்மில் குரல் வெட்டும். லிமிட் 2 வைப்பதற்குப் பதில் 2 விசிபியுவாகவே கொடுத்துவிடலாமே.

மயிலாடுதுறை: மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தால் எல்லா விஎம்மும் ஒரே நேரத்தில் எழுந்து அரை மணி நேரம் எதுவும் வேலை செய்வதில்லை.

எல்லாம் ஒன்றாக எழுவதுதான் காரணம். வரிசை வையுங்கள்: டொமைன் கன்ட்ரோலரும் டிஎன்எஸ்ஸும் முதலில், அடுத்து டேட்டாபேஸ், அப்புறம் அதை நம்பியிருக்கும் மென்பொருள், கடைசியில் டெஸ்க்டாப் விஎம்கள். இஎஸ்எக்ஸ்ஐயின் ஆட்டோஸ்டார்ட்டில் இயல்பான இடைவெளி 120 விநாடி. டேட்டாபேஸுக்கு அடுத்து மட்டும் 300 ஆக்குங்கள். திடீரென்று நின்ற டேட்டாபேஸ், லாகை, அதாவது நடந்த மாற்றங்களின் பதிவைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் எடுக்கும். ப்ராக்ஸ்மாக்ஸில் இதே வேலைக்கு ‘ஆர்டர்’, ‘ஸ்டார்ட்அப் டிலே’ என்று இரண்டு கட்டங்கள் உண்டு.

வரிசை வைத்தும் மந்தமாக இருந்தால் சிபியுவை விட்டுவிட்டு, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ரெய்டு கார்டைப் பாருங்கள். நீண்ட மின்வெட்டில் அதன் பேட்டரி இறங்கியிருந்தால், சார்ஜ் ஏறும்வரை கார்டு ரைட் கேஷை (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்தை) நிறுத்திவிடும். எழுதுவதெல்லாம் நேராக டிஸ்க்குக்குப் போகும். லினக்ஸ் விஎம்மில் ‘டாப்’ பார்த்தால் ‘டபிள்யூஏ’ (டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம்) ஏறியிருக்கும், ‘எஸ்டி’ ஏறியிருக்காது. வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

இதே வாசகர், கத்திரி வெயிலிலும் மந்தம் என்கிறார். ஏசி இல்லாத அறையில் சிபியு சூடாகி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; ஒவ்வொரு வேலையும் நீளும், வரிசையும் நீளும். சர்வருக்குள் போகும் காற்று 27 டிகிரிக்குள் இருக்கட்டும். பயாஸில் பவர் சேமிப்பு முறையில் இருந்தால் ‘பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்குங்கள்.

பட்டுக்கோட்டை: ஒரு விஎம்மை நான்கு கோர்களோடு ‘பின்’ செய்தால் (கட்டிவைத்தால்) அந்தக் கோர்கள் அதற்கே சொந்தமா?

இல்லை. பின் செய்வது அந்த விஎம்மைத்தான் கட்டிப்போடுகிறது. மற்ற விஎம்கள் தாராளமாக அதே கோர்களுக்கு வரும், உங்களுடையதோ வேறெங்கும் போக முடியாமல் மாட்டிக்கொள்ளும். மற்ற எல்லாவற்றையும் மிச்சக் கோர்களுக்குத் தள்ளினால்தான் பலன். ப்ராக்ஸ்மாக்ஸ் 7.3 முதல் ‘அஃபினிட்டி’ கட்டத்திலேயே எண்களைக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் ‘எல்எஸ்சிபியு’ கட்டளையை ‘-இ’ சேர்த்து ஓட்டி, எந்த இரண்டு எண்கள் ஒரே கோர் என்று பாருங்கள். சில மெஷினில் 0, 1. சிலதில் 0, 8. ஒரு கோரின் இரண்டு திரெட்டை இரண்டு விஎம்முக்குப் பிரித்துக் கொடுப்பது வீண் வேலை.

பாபநாசம்: கிளவுடில் வாடகைக்கு எடுத்த சின்ன விஎம். காலையில் நன்றாக ஓடுகிறது, மதியத்துக்கு மேல் ஸ்டீல் 80%க்கு மேல்.

அது நெரிசலாக இல்லாமல் கிரெடிட் தீர்ந்ததாக இருக்கலாம். உதாரணமாக அமேசானின் டி2 மைக்ரோவுக்கு அடிப்படை 10%தான். மணிக்கு 6 கிரெடிட் சேரும்; ஒரு கிரெடிட் என்பது ஒரு விசிபியு முழு வேகத்தில் ஒரு நிமிடம். சேமிப்பு கரைந்ததும் 10%க்கு இறக்கிவிடுவார்கள். கிரெடிட் வரைபடம் பூஜ்யம் தொட்ட நேரமும் ஸ்டீல் ஏறிய நேரமும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்று என்றால் பெரிய வகைக்கு மாறுவதே வழி. கிரெடிட் முறையே இல்லாத விஎம் என்றால் ஒருமுறை ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்யுங்கள், பெரும்பாலும் வேறு ஹோஸ்ட்டுக்குப் போகும். ரீபூட் செய்தால் போகாது.

திருவையாறு, மாணவர்: 4 கோர் லேப்டாப்பில் வர்ச்சுவல்பாக்ஸ் விஎம்முக்கு 8 கொடுத்தேன். லேப்டாப், விஎம் இரண்டுமே தொங்குகின்றன.

2 கொடுங்கள். மீதி விண்டோஸுக்கு வேண்டும். விஎம் ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை தெரிந்தால், உங்கள் விண்டோஸில் ஹைப்பர்-வி விழித்திருக்கிறது. வர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி மெதுவாக ஓடுகிறது. விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, வர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டையும் எடுத்துவிட்டு, மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைத்து, ரீபூட் செய்யுங்கள். டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது நின்றுவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.