கேளுங்க சொல்றோம்: கலைப்படமா, மாஸ் படமா?

கே: விருது வாங்குன படம்னாலே எங்க ஊர் தியேட்டர்ல ரெண்டு நாள்ல தூக்கிடறாங்க. நம்ம ஜனங்களுக்கு ரசனை இல்லன்னு தம்பி சொல்றான், நிஜமா சார்?
- வாசகி, மன்னார்குடி

ப: அத நான் ஒத்துக்கவே மாட்டேம்மா. நம்ம மெலட்டூர்ல நரசிம்ம ஜெயந்திக்கு பாகவத மேளா போடறாங்களே, தெலுங்கு நாடகம், ஆம்பளைங்களே பொம்பள வேஷம் கட்டி விடிய விடிய நடக்கும், தெலுங்கு தெரியாதவங்களும் உக்காந்து பாக்குறாங்க. சாமி புறப்பாட்டுல நாயனக்காரர் ஒரே ராகத்த நீட்டி வாசிச்சாலும் நகராம நின்னு கேட்ட ஊருங்க இது. இங்க போயி மெதுவா போற படம் எடுபடாதுன்னா எப்படி?

கோளாறு எல்லாம் படம் வந்து சேர்ற வழியிலதான் இருக்கு. சினிமா வியாபாரத்துல நம்ம பக்கம் டி.டி. ஏரியா, அதாவது திருச்சி தஞ்சாவூர், அதுலயும் சின்ன ஊருன்னா சி சென்டர், ஃபைட்டும் குத்துப்பாட்டும் இல்லாம அங்க ஓடாதுன்னு படத்த வாங்கறதுக்கு முன்னாடியே முடிவு கட்டிடறாங்க. அப்படியே வந்தாலும் பகல் காட்சி ஒண்ணுதான், போஸ்டரும் இருக்காது, நல்லாருக்குன்னு நாலு பேர் சொல்லி பரவறதுக்குள்ள அடுத்த வெள்ளிக்கிழமை வந்துடும், பெரிய ஹீரோ படமும் வந்துடும்.

1977ல 16 வயதினிலே படத்த வாங்க ஆள் வராம தயாரிப்பாளரே ரிலீஸ் பண்ணாரு, வெள்ளிவிழா ஓடுச்சு. புதுமைப்பித்தனோட சிற்றன்னைய ஒட்டி 1979ல வந்த உதிரிப்பூக்கள்ல ஹீரோயிசம்னு ஒண்ணுமே கிடையாது, அதுவும் ஓடுச்சு. ஓட வச்சது சாதாரண ஜனங்கதானே? கூழாங்கல் 2021ல ரோட்டர்டாம் விழாவுல டைகர் விருது ஜெயிச்சும் 2023ல நேரா ஓடிடிக்குத்தான் போச்சு. தியேட்டருக்கே வராத படத்த ஜனங்க ஒதுக்கிட்டாங்கன்னு சொன்னா எனக்கு மனசு கேக்கல.

கே: பாட்டு இருந்தா கலைப்படம் ஆகாதா?
- வாசகர், மயிலாடுதுறை

ப: ஏன் ஆகாது? தில்லானா மோகனாம்பாள் (1968) பாருங்க, நம்ம சிக்கல் சண்முகசுந்தரம் கதை, சிவாஜிக்காக நாயனம் வாசிச்சது மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள், அந்த வாசிப்ப எடுத்துட்டா கதையே நிக்காது. கதை ஊர்ல நடக்கும்போது சம்பந்தமே இல்லாம ஃபாரின்ல போய் ஆடறாங்க பாருங்க, அதுதான் இடிக்குது.

கே: மாஸ் படம் பாக்குறவங்கள மட்டமா பேசறாங்களே?
- வாசகர், திருவாரூர்

ப: ரொம்ப தப்பு. நாள் பூரா வயல்ல நின்னவரு மூணு மணி நேரம் விசிலடிச்சு சந்தோஷமா இருக்கட்டும், அப்படி ஒரு படம் எடுக்கறதும் லேசு இல்ல. ஆனா அவருக்கு மத்த படத்தையும் சாயங்கால காட்சியில ஒரு வாரம் போட்டுக் காட்டணும். பாத்துட்டு அவரே வேணாம்னா சரி.