மாணவர்கள் பிறர் எழுத்தை எடுத்து ஒட்டாமல் இருக்க எப்படிப் பழக்குவது?

கண்டித்தும், மதிப்பெண்ணைக் குறைத்தும், மென்பொருளில் போட்டுப் பார்த்தும் அசைன்மென்ட்டில் ஈயடிச்சான் காப்பி நிற்கவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் பலன் கொடுத்ததை எழுதுகிறேன்.

முதலில் மாணவர் பக்கம் நின்று பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை, புத்தகத்தில் உள்ள வரியைப் பிசகாமல் எழுதியவருக்கு முழு மதிப்பெண் கொடுத்தோம். கைடில் உள்ள சொல் மாறினால் மதிப்பெண் போய்விடும் என்று பயமுறுத்தினோம். கல்லூரிக்குள் நுழைந்ததும் அதே செயலுக்குத் திருட்டு என்று பெயர் வைக்கிறோம். இடையில் விதி மாறியதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. ஆகவே முதல் வாரத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: "அங்கே நினைவாற்றலுக்கு மதிப்பெண். இங்கே நீங்கள் எதைப் படித்தீர்கள், அதிலிருந்து என்ன யோசித்தீர்கள் என்பதற்கு மதிப்பெண்." இதைச் சொல்லாமல் தண்டிப்பது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது குறிப்பெடுக்கும் நோட்டு. தவறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. நூலகத்தில் நாலு வரியை அப்படியே எழுதிக்கொள்வார்கள், எந்த நூல் என்று குறிக்க மாட்டார்கள். பத்து நாள் கழித்து அது யார் வரி என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஆசிரியர், நூல், ஆண்டு, பக்க எண் நான்கையும் தாளின் தலையில் எழுதாமல் ஒரு வரிகூடக் குறிப்பெடுக்கக் கூடாது. வரியை அப்படியே எடுத்தால் நோட்டிலேயே மேற்கோள் குறி போட்டுவிட வேண்டும். நான் முதலில் திருத்துவது இந்த நோட்டைத்தான்.

சொல்லை மட்டும் மாற்றிப் போட்டால் சொந்த எழுத்து ஆகிவிடும் என்ற நம்பிக்கையை உடைப்பதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். ஏற்காட்டுக் காப்பியை எடுத்துக்கொள்வேன். "1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார்" என்று கரும்பலகையில் எழுதுவேன். இதைச் சொந்த நடையில் எழுதச் சொன்னால், கலெக்டர் 'மாவட்ட ஆட்சியர்' ஆவார், அறிமுகப்படுத்தினார் 'கொண்டுவந்தார்' ஆகும். வரியின் எலும்புக்கூடு அப்படியே இருக்கும். பிறகு பலகையை அழித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு இதை வாயால் சொல்லுங்கள் என்பேன். "சேர்வராயன் மலையில் இன்று பார்க்கிற காப்பித் தோட்டங்களுக்குத் தொடக்கம் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டராம், இருநூறு வருஷம் ஆகிறதாம்" என்று ஒரு மாணவர் சொன்னார். அதுதான் அவருடைய வாக்கியம். அதை எழுதி, எங்கே படித்தோம் என்று அடிக்குறிப்பு போட வேண்டும். நடை சொந்தமானாலும் செய்தி இன்னொருவருடையது. மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்தது என்பது போல எல்லோரும் அறிந்த செய்திக்கு அடிக்குறிப்பு வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பயத்தில் எல்லா வரிக்கும் எண் போட்டுக்கொண்டு வருவார்கள்.

மொழிபெயர்ப்பு இன்னொரு பள்ளம். ரிச்சர்ட்ஸ் ஆங்கிலத்தில் எழுதி 1918இல் வந்த சேலம் மாவட்ட கெசட்டியரில் (மாவட்டத்தைப் பற்றிய அரசுத் தகவல் நூல்) இரண்டு பக்கத்தைத் தமிழாக்கி, தம் ஆய்வு போலக் கொடுப்பவர்கள் உண்டு. மென்பொருள் பெரும்பாலும் இதைப் பிடிக்காது. படித்த ஆசிரியர்தான் பிடிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் மாணவி, மலையாளிப் பழங்குடியினர் (கேரள மலையாளிகள் அல்ல, எங்கள் பக்கத்து மலைகளில் வாழும் மக்கள்) பற்றிய ப்ராஜெக்டை ஏதோ ஒரு இணையப் பக்கத்திலிருந்து முழுவதுமாக எடுத்து வந்தார். அவரே அந்த மக்களில் ஒருவர். "காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்று எழுதியிருக்கிறாயே அம்மா, இதை உனக்கு யார் சொன்னார்கள்?" என்று கேட்டேன். "பாட்டி சொல்லும் ஐயா. ஆனால் பாட்டி சொல்கிற கதை இதில் இருப்பது மாதிரி இருக்காது" என்றார். பாட்டி சொல்வதையெல்லாம் ஆதாரமாகக் காட்டலாமா என்ற சந்தேகம் அவருக்கு. காட்டலாம், காட்டத்தான் வேண்டும். பாட்டியிடம் அனுமதி கேட்டு, அவர் சொன்னபடி எழுதி, தகவலாளியின் பெயர், வயது, ஊர், கேட்ட நாள் நான்கையும் கீழே குறித்து வரச் சொன்னேன். வந்த கட்டுரையில் எந்த இணையப் பக்கத்திலும் இல்லாத செய்திகள் இருந்தன. அச்சில் வந்தால்தான் ஆதாரம் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய வருத்தம். காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர் சொன்னதையும், தறி நெய்பவர் சொன்னதையும் பெயரில்லாமல் எடுத்துக்கொண்டால் அதுவும் அதே திருட்டுதான்.

பெயர் சொல்வதால் நம் மதிப்பு குறையாது என்பதற்கு வகுப்பில் நான் காட்டுவது உ.வே.சாமிநாதையரை. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக (உரிமையியல் நீதிபதியாக) வந்த சேலம் இராமசாமி முதலியார்தான் அவரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பினார். 1887இல் அதைப் பதிப்பித்த ஐயர், அந்தச் சந்திப்பைப் பிற்காலத்தில் தன்வரலாற்றில் விரிவாக எழுதினார். ஏடு கொடுத்து உதவியவர்களைத் தம் பதிப்புகளின் முகவுரைகளில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அவர் எழுதி வைத்ததால்தான் நம் ஊர் முன்சீப்பை இன்றும் தமிழ் வகுப்பில் பேசுகிறோம்.

மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓர் ஆண்டுக்குச் சமர்ப்பிக்கவே முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. ஆனால் இந்த எண்ணை மட்டும் காட்டிப் பயமுறுத்தினால், 9 சதவீதத்துக்குக் கொண்டுவரும் வித்தையைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

சாட்ஜிபிடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது இல்லாத நூலுக்குக்கூட ஆசிரியர் பெயரும் ஆண்டும் கொடுத்துவிடும். அதனால் மாணவர் கட்டுரையின் கடைசியில் தரும் நூற்பட்டியலில் ஏதேனும் ஒன்றை நான் சொல்வேன், அதை நூலகத்திலிருந்து எடுத்து வந்து மேற்கோள் உள்ள பக்கத்தைக் காட்ட வேண்டும்.

முதல் தடவை மாட்டுகிறவரை வகுப்பில் வைத்துப் பேச வேண்டாம். தனியாக அழைத்து, மூலத்தையும் அவர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தெந்த வரி யாருடையது என்று அவரையே அடிக்கோடு போடச் சொல்லுங்கள். பிறகு ஒரு வாரம் கொடுத்துத் திரும்ப எழுதி வாங்குங்கள், அதற்கு முழு மதிப்பெண்ணும் கொடுங்கள். தெரிந்தே மறுபடி செய்தால் துறைத் தலைவரிடம் போகும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.