பணக்காரங்களுக்கு வரி குறைக்க நம்ம எம்.பி. ஓட்டு போட்டாரா, எங்க போய் பாக்கறது?

கேள்வி: குடவாசல் பக்கம் உரக்கடை வச்சிருக்கேன், கொஞ்சம் நெலமும் இருக்கு. 2019-ல பெரிய கம்பெனிகளுக்கு வரி குறைச்சப்ப நம்ம எம்.பி. ஆதரிச்சு ஓட்டு போட்டாருன்னு கடைக்கு வர்றவங்கள்ல பாதிப்பேரு சொல்றாங்க, எதிர்த்தாருன்னு மீதிப்பேரு. நானே பாத்து தெரிஞ்சுக்க வழி இருக்கா?

பதில்: அண்ணே, ரெண்டு பக்கமும் ஓட்டுக் கணக்கக் காட்டி நிரூபிக்க முடியாது, ஏன்னா அதுக்கு பேர்வாரி கணக்கே கிடையாது. 2019 செப்டம்பர் 20-ல அவசரச் சட்டம் போட்டு கம்பெனி வரிய 30-லேர்ந்து 22 சதவீதமா குறைச்சாங்க, புதுசா உற்பத்தி ஆரம்பிக்கறவங்களுக்கு 15, இதனால வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் போகும்னு அரசாங்கமே சொன்னுச்சு. அவ்ளோ பெரிய விஷயம் டிசம்பர் 2-ம் தேதி லோக்சபாவுக்கு மசோதாவா வந்தப்ப குரல் வாக்கெடுப்புல முடிஞ்சுபோச்சு.

குரல் வாக்கெடுப்புன்னா ஆதரிக்கறவங்க ஒரு சத்தம், எதிர்க்கறவங்க ஒரு சத்தம், சபாநாயகர் காதால கேட்டு எது ஜெயிச்சுதுன்னு சொல்லிடுவாரு, அவ்ளோதான், யார் எந்தப் பக்கம்னு எங்கயும் பதியாது. அதை ஒத்துக்கமாட்டேன் டிவிஷன் வேணும்னு யாராவது எழுந்து கேட்டாத்தான் பட்டன் அமுக்கற ஓட்டு, பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை, பேரோட பதிவாகும். 2025 ஏப்ரல்ல வக்ஃப் மசோதாவுக்கு 288-232ன்னு வந்தது அப்படித்தான். 2020 செப்டம்பர் 20-ல வேளாண் சட்டங்கள் ராஜ்யசபாவுக்கு வந்தப்ப எதிர்க்கட்சிக்காரங்க டிவிஷன் கேட்டும் கிடைக்கல, குரல் ஓட்டுலயே முடிச்சாங்க, டெல்டா விவசாயிக்கு இத விட பெரிய உதாரணம் வேணாம்னு நெனைக்கறேன். எனக்கு இன்னிக்கும் அது ஆறல.

சரி டிவிஷன் நடந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கு, கொறடா உத்தரவு, அதாவது இப்படித்தான் ஓட்டு போடணும்னு கட்சி தன் எம்.பி.க்களுக்குப் போடற உத்தரவு. 1985-லேர்ந்து கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கறதால, கட்சி சொன்னதுக்கு மாறா ஓட்டு போட்டாலோ போடாம ஒதுங்கினாலோ, 15 நாளுக்குள்ள கட்சி மன்னிக்கலன்னா பதவி போகலாம். அதனால எம்.பி.யோட ஓட்டுன்னு நாம நெனைக்கறது முக்காவாசி கட்சியோட ஓட்டு, கேள்விய அவருகிட்ட கேக்கற மாதிரியே கட்சிகிட்டயும் கேக்கணும்.

அப்பறம் வரி மாற்றம் முக்காவாசி பட்ஜெட்டோட வர்ற நிதி மசோதாவுக்குள்ள ஒரே மூட்டையா வரும். 2023-ல வருஷம் 5 கோடிக்கு மேல சம்பாதிக்கறவங்களுக்கு புது வரி முறையில சர்சார்ஜ், அதாவது வரிக்கு மேல கூடுதலா போடற வரி, 37 சதவீதத்துலேர்ந்து 25 ஆச்சு, அதே மசோதாவுலதான் 7 லட்சம் வரைக்கும் வரி கட்ட வேணாம்ங்கறதும் இருந்துச்சு, ஆக அதை ஒருத்தர் ஆதரிச்சார்னா எதுக்காக ஆதரிச்சார்னு ஓட்ட மட்டும் வச்சு சொல்லவே முடியாது. அதுவும் மார்ச் 24-ல விவாதமே இல்லாம அமளிக்கு நடுவுல நிறைவேறிடுச்சு. 2015 பட்ஜெட்ல செல்வ வரிய (வீட்டுக்குக் கட்டற சொத்து வரி இல்ல, பணக்காரங்க வச்சிருக்கற சொத்து மேல மத்திய அரசு போட்ட வரி) எடுத்தப்பவும் பதிலுக்கு 1 கோடிக்கு மேல வருமானம் உள்ளவங்களுக்கு சர்சார்ஜ் 2 சதவீதம் ஏத்துனாங்க, இந்த மாதிரி ரெண்டையும் சேத்துப் பாக்கணும்.

அப்ப எதத்தான் பாக்கறது? பேச்சப் பாருங்க. நாடாளுமன்றத்தோட சன்சத் (sansad.in) இணையதளத்துல லோக்சபா விவாதம்னு ஒரு பகுதி இருக்கு, மசோதா பேரையும் தேதியையும் வச்சு தேடுங்க, 2019 டிசம்பர் 2 எடுத்து உங்க எம்.பி. பேர் வருதா, வந்தா என்ன சொன்னார், திருத்தம் ஏதாவது கொடுத்தாரா, டிவிஷன் கேட்டாரான்னு படிங்க. 2023-க்கு மார்ச்ல ஒண்ணும் கிடைக்காது, பிப்ரவரியில நடந்த பட்ஜெட் பொது விவாதத்தப் பாருங்க. நாடாளுமன்ற வேலைகள கவனிச்சு கணக்கு வெளியிடற பி.ஆர்.எஸ். (PRS) அமைப்போட தளத்துல வருகை, கேள்வி, விவாதம் எத்தனைன்னு எம்.பி. வாரியா இருக்கும், ஆனா அன்னிக்கு வருகை பதிஞ்சவர் ஓட்டு நேரத்துல உள்ள இருந்தார்னு அர்த்தம் இல்ல.

ராஜ்யசபாவ இதுல ரொம்ப தேட வேணாம், இந்த மாதிரி வரி மசோதா பண மசோதான்னு வரும், அத அவங்க 14 நாளுக்குள்ள திருப்பி அனுப்பணும், சிபாரிசு பண்ணலாமே தவிர தடுக்க முடியாது. உங்க கடையில விக்கற உரத்துக்குப் போடற 5 சதவீதம் ஜிஎஸ்டி வேற கணக்கு, அந்த வீதத்த ஜிஎஸ்டி கவுன்சில்ல பேசி முடிவு பண்றாங்க, அங்க தமிழ்நாட்டுக்காக உக்கார்றது மாநில அமைச்சர், எம்.பி. இல்ல.

ஒண்ணு கவனிங்க, தமிழ்ல பேசியிருந்தா பதிவுல இங்கிலீஷ் மொழிபெயர்ப்புதான் இருக்கும். காலேஜ் படிக்கற பிள்ளை வீட்டுல இருந்தா பக்கத்துல உக்கார வச்சு படிக்கச் சொல்லுங்க, அந்தப் பக்கத்த பிரிண்ட் எடுத்து கடையிலயே வச்சிடுங்க.