சார்ட்டர் பள்ளியில் சேர்க்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

குளிர்காலம் வந்தால் அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளிக் குலுக்கல்களுக்கு விண்ணப்பம் போடும் நேரமும் வந்துவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். பள்ளிக் கணக்குகளை அலசுவதே எனக்குப் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கோவையிலிருந்து டாலஸ் வந்து மூன்று மாதம் ஆகிறது. சார்ட்டர் ஸ்கூல் என்றால் பிரைவேட்டா? டொனேஷன், இன்டர்வியூ எல்லாம் உண்டா?

பிரைவேட் இல்லை. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிதான். ஆனால் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அரசு அமைப்பான ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நடத்தாது, தனி நிர்வாகக் குழு நடத்தும். சொன்னபடி நடத்தவில்லை என்றால் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். மினசோட்டா 1991-ல் இதற்கு முதல் சட்டம் போட்டது, அடுத்த வருடமே செயின்ட் பாலில் முதல் பள்ளி திறந்தது. ஃபீஸ் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். சில பள்ளிகள் வருடா வருடம் ‘விருப்ப நன்கொடை’ கேட்டுக் கடிதம் அனுப்பும். கொடுக்காவிட்டால் சீட் போய்விடாது, பயப்படாதீர்கள்.

வீட்டுக்குப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் கணக்கில் 55% பேர் தேறுகிறார்கள். பத்து மைல் தள்ளி இருக்கும் சார்ட்டரில் 67%. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறார் என் கணவர். (சான் ஹோசே)

யோசிக்க இருக்கிறது. ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பள்ளியிலும் நூறு நூறு பிள்ளைகள் தேர்வு எழுதியதாக வைத்துக்கொள்வோம். எண்கள் நான் போட்டவை, ஆனால் இந்த மாதிரிக் கணக்கை நிஜத்திலும் பார்த்திருக்கிறேன்.

சார்ட்டரில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் 80 பேர், அதில் 60 பேர் தேறினார்கள். வசதி குறைந்தவர்கள் 20 பேர், தேறியது 7. மொத்தம் 67. டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் வசதியானவர்கள் 30 பேர்தான், அதில் 24 பேர் தேறினார்கள். வசதி குறைந்தவர்கள் 70 பேர், தேறியது 31. மொத்தம் 55. இப்போது தனித்தனியாகப் பாருங்கள். வசதியான பிள்ளைகளில் சார்ட்டருக்கு 75%, டிஸ்ட்ரிக்ட் பள்ளிக்கு 80%. வசதி குறைந்தவர்களில் 35%, 44%. இரண்டு பக்கமும் ஜெயித்த பள்ளி, கூட்டிப் பார்த்தால் தோற்றுப்போகிறது. மொத்த சதவீதம் பள்ளி என்ன செய்தது என்பதைச் சொல்வதற்கு முன், வாசலில் யார் வந்து நின்றார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது.

நல்லவேளையாக, கலிஃபோர்னியா மாநிலத் தேர்வு முடிவுகளைப் பிரித்துப் பார்க்க வழி வைத்திருக்கிறது. இனம், வருமானம் மட்டுமல்ல, பெற்றோர் எதுவரை படித்தவர்கள் என்றும் ஒரு பிரிவு உண்டு. நீங்களும் கணவரும் முதுகலை படித்தவர்கள் என்றால், ‘பெற்றோர் பட்ட மேற்படிப்பு’ என்ற வரியை மட்டும் இரண்டு பள்ளிக்கும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்த வரியைப் பார்க்கும் பெற்றோர் ரொம்பக் குறைவு, எனக்கு ஆச்சரியம்தான். அதிலும் சார்ட்டர் மேலே நின்றால், அப்புறம் பத்து மைல் ஓட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சார்ட்டர், தேசிய ரேங்க் பட்டியலில் மேலே இருக்கிறது. ‘பன்னிரண்டாவது முடித்த அத்தனை பேருக்கும் காலேஜ் சீட்’ என்று வரவேற்பறையிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். பையன் ஐந்தாவது. நம்பிச் சேர்க்கலாமா? (சாண்ட்லர், அரிசோனா)

எழுதியிருப்பது உண்மையாகத்தான் இருக்கும். ‘முடித்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாக எத்தனை பேர் என்று வெளியிடுகிறது. அதை எடுத்துப் பாருங்கள். ஆறாவதில் 120, எட்டாவதில் 90, பத்தாவதில் 61, பன்னிரண்டாவதில் 44 என்று இருந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உடனே முடிவுக்கும் வரவேண்டாம். கீழிருந்து வளர்ந்துவரும் புதுப் பள்ளியும் ஒரு வருடக் கணக்கில் இப்படித்தான் தெரியும். போன வருட ஆறாவதையும் இந்த வருட ஏழாவதையும், அதாவது குறுக்காக, ஒரே பிள்ளைகளைப் பின்தொடர்ந்து ஐந்தாறு வருடம் பாருங்கள். அப்படியும் ஒவ்வொரு படியிலும் ஆள் குறைந்தால், பிள்ளைகள் கழன்றுகொண்டிருக்கிறார்கள், அந்த இடத்தைப் பள்ளி நிரப்பவில்லை என்று பொருள்.

நியூயார்க்கின் சக்சஸ் அகாடமி என்ற சார்ட்டர் பள்ளிக் குழுமம் இதற்குத் தெரிந்த உதாரணம். 2006-ல் ஹார்லெமில் தொடங்கியபோது ஒன்றாம் வகுப்பில் 73 பேர். 2018-ல் அந்தப் பள்ளிகளின் முதல் பட்டமளிப்பில் மேடை ஏறியது 16 பேர். அப்போது நான்காம் வகுப்புக்குப் பிறகு புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் இல்லை. அங்கே மார்க் அபாரம், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மார்க்கில் பாடம் நடத்தியதற்கு எவ்வளவு பங்கு, வடிகட்டியதற்கு எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை.

‘பட்டம் பெறும் விகிதம்’ இதைக் காட்டிவிடும் என்று நினைத்தால், காட்டாது. வேறு பள்ளிக்கு முறையாக மாறிப் போனவரை அந்தக் கணக்கு பழைய பள்ளியின் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். ரேங்க் பட்டியலும் அப்படித்தான். யு.எஸ். நியூஸ் என்ற ஊடக நிறுவனத்தின் பட்டியலில் 30% எடை, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கல்லூரித் தரத்திலான ஏ.பி., ஐ.பி. தேர்வுகளில் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு. அரிசோனாவில் பிறந்த பேஸிஸ் சார்ட்டர் பள்ளிகள் ஏ.பி. தேர்வைக் கட்டாயமாகவே வைத்திருக்கின்றன. கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களுக்கு இவ்வளவு எடை தரும் பட்டியலில் அப்படிப்பட்ட பள்ளி மேலே நிற்பதில் அதிசயம் இல்லை.

உங்கள் பையன் அந்த 44-ல் ஒருவனாக இருக்கலாம். கழன்றுபோன 76 பேரின் அப்பா அம்மாவும் ஐந்தாவதில் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பள்ளிக்குப் போகும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: காலியிடம் வந்தால் எந்த வகுப்புவரை நிரப்புவீர்கள்?

ஒரு சார்ட்டரின் விவரத்தில் இலவச மதிய உணவு பெறுபவர்கள் பூஜ்யம் என்று இருக்கிறது. எல்லோரும் பணக்காரர்களா?

அந்தப் பள்ளி உணவுத் திட்டத்திலேயே சேராமல் இருக்கலாம். சமையலறை இல்லாத சார்ட்டர்கள் நிறைய, பிள்ளைகள் டப்பாவில்தான் கொண்டுபோவார்கள். நேர்மாறாக, 100% என்று போட்டிருந்தாலும் எல்லோரும் ஏழைகள் இல்லை. ஏழைப் பிள்ளைகள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பள்ளி முழுவதற்கும் இலவசமாகப் போடும் ஒரு திட்டம் உண்டு, அந்த அளவை 2023-ல் 40%-லிருந்து 25%-ஆகக் குறைத்தார்கள். கலிஃபோர்னியாவில் 2022-லிருந்து யாராக இருந்தாலும் சாப்பாடு இலவசம். ஒரு காலத்தில் வறுமையை அளக்க இது நல்ல அளவுகோலாக இருந்தது. இப்போது தேய்ந்துவிட்டது. ‘பொருளாதாரத்தில் பின்தங்கியோர்’ என்று மாநிலம் தனியாகப் போடும் எண்ணைப் பாருங்கள்.

பெண்ணுக்கு ஆட்டிசம், ஐ.இ.பி. (அவளுக்கென்று எழுதிய தனிக் கல்வித் திட்டம்) இருக்கிறது. ஒரு சார்ட்டரில் ‘எங்கள் பள்ளி அவளுக்குப் பொருந்தாது’ என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி சரியா?

சரியில்லை. குலுக்கலில் பெயர் வந்தால் சேர்த்தே ஆகவேண்டும். ஊனமுற்ற பிள்ளைகளுக்கான கூட்டாட்சிச் சட்டம் சார்ட்டருக்கும் அப்படியே பொருந்தும். இந்தச் சிரித்த முகப் பேச்சு எனக்குப் பழக்கமானதுதான். என் மகனுக்குப் பேச்சு தாமதமான வயதில் ஒரு பள்ளியில் எங்களுக்கும் அதே வாக்கியம் கிடைத்தது, சட்டம் தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தோம். நீங்கள் அப்படி வரவேண்டாம். சொன்னதை ஈமெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அடுத்து, ஸ்பெஷல் எட் (சிறப்புக் கல்வி) பொறுப்பு பள்ளியுடையதா, டிஸ்ட்ரிக்டுடையதா என்று கேளுங்கள். சார்ட்டருக்கு சார்ட்டர் இது மாறும், தெரபிஸ்ட் யார் அனுப்புவார் என்பதே இதைப் பொறுத்தது. அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 2012-ல் வெளியிட்ட கணக்கில், வழக்கமான அரசுப் பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 11%, சார்ட்டர்களில் 8%. நீங்கள் பார்க்கும் பள்ளியில் எத்தனை சதவீதம், அதில் எத்தனை பேருக்குப் பேச்சுப் பயிற்சி மட்டும், எத்தனை பேருக்கு ஆட்டிசம் என்று பிரித்துக் கேளுங்கள். மொத்த எண் ஏமாற்றும்.

நியூ ஜெர்சியில் ஒரு பள்ளி. தேர்ச்சி 85%, ஆனால் ‘குரோத்’ 36 என்று சிவப்பில் இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டையும். முதல் எண் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்கிறது. இரண்டாவது, போன வருடம் அவர்களைப் போலவே மார்க் வாங்கிய மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்த வருடம் எவ்வளவு நகர்ந்தார்கள் என்று சொல்கிறது. நடு எண் 50. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் வந்து சேர்ந்து, இடத்திலேயே நிற்கும் பள்ளி போலிருக்கிறது. ஒரு வருடம் சறுக்கலாம், மூன்று வருடமும் 30-களில் இருந்தால் நான் என் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.

கடைசியில் சார்ட்டர் நல்லதா, கெட்டதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் வராது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2009-ல் பார்த்தபோது, கணக்கில் 17% சார்ட்டர்கள் பக்கத்து அரசுப் பள்ளிகளைவிட மேல், 37% கீழ். 2023-ல் திரும்பப் பார்த்தபோது சார்ட்டர் பிள்ளைகள் தங்களைப் போன்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட சராசரியாக, வாசிப்பில் 16 நாள், கணக்கில் 6 நாள் கூடுதலாகப் படித்த அளவுக்கு முன்னே இருந்தார்கள். விண்ணப்பம் போடும் பெற்றோரே அக்கறையான பெற்றோர்தானே, அதனால்தான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே பாஸ்டனில் குலுக்கலில் ஜெயித்தவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் விண்ணப்பித்தவர்கள், பிரித்தது அதிர்ஷ்டம் மட்டும். அங்கே ஜெயித்தவர்கள் நிஜமாகவே நிறைய முன்னேறினார்கள். பாஸ்டன் பாஸ்டன்தான், உங்கள் ஊருக்கு அதை அப்படியே தூக்கிவர முடியாது.

ஆன்லைன் சார்ட்டர்?

அதே 2023 ஆய்வில் ஆன்லைன் சார்ட்டர் பிள்ளைகள் கணக்கில் 124 நாள் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி வருடமே 180 நாள். உடல்நிலை போன்ற வேறு வழியில்லாத காரணம் இருந்தால் தவிர, வேண்டாம்.

புதிய சார்ட்டர் ஒன்றில் பல பிரிவுகளுக்கு எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறிதான் இருக்கிறது. எதையோ மறைக்கிறார்களா? (ஃப்ரீமாண்ட்)

மறைப்பது மாநிலம், பிள்ளைகளின் நலனுக்காக. ஒரு பிரிவில் தேர்வு எழுதியவர்கள் பத்து அல்லது அதற்குக் குறைவு என்றால் கலிஃபோர்னியா மார்க்கை வெளியிடாது, யார் ஃபெயில் என்று பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார் என்பதால். வகுப்புவாரியாகப் பார்க்காமல் எல்லா வகுப்பும் சேர்ந்த எண்ணைப் பாருங்கள், சில நட்சத்திரங்கள் எண்ணாக மாறும்.